விதை யாருடையது? காவிரியின் திமில் மகசீர்: ஒரு நிகழ்வு ஆய்வு

மேட்டூர் அணைப் பக்கம் மீன் வெட்டிக்கொடுக்கும் அக்கா ஒருவரிடம் பல வருடமாக மீன் வாங்குகிறேன். கொஞ்ச நாள் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து விடியும் முன்பே கிளம்பிப் போயிருந்தேன். பரிசல்காரர்கள் அப்போதுதான் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு மீனைச் செவுளில் விரல்விட்டுத் தூக்கி, "இது என்னன்னு சொல்லு கண்ணு பாக்கலாம்" என்றார். மூன்று கிலோ இருக்கும். தலை பெரிதாக இருந்ததால் கட்லா என்றேன். "வாயப் பாரு" என்றார். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும், கீழ்த்தாடை முன்னால் துருத்தும், மீசை கிடையாது. இதற்கு வாய் ஏறக்குறைய நேராக இருந்தது. உதட்டோரம் ரோகுவுக்கு இருப்பதுபோல மெல்லிய சுருக்கம், விரலால் தடவினால் நூல் மாதிரி ஒரு குட்டி மீசை. ஆனால் ரோகுவுக்கு இவ்வளவு அகலமான உடம்பு வராது. "ரெண்டும் கலந்தது இது. எங்க அப்பா காலத்துல இப்படி பாத்ததே இல்ல, இப்ப அப்பப்ப வலையில விழுது. ருசியில ஒண்ணும் கொறையில்ல. ஆனா எந்தக் குளத்துல யாரு பெத்த பிள்ளைன்னு யாருக்குத் தெரியும்?"

நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவன். அக்கா கேட்ட அதே கேள்வியைத்தான் உலகம் முழுக்க மீன் மேலாண்மையில் இருக்கிறவர்கள் டிஎன்ஏவை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறியதால் நம் காவிரியிலேயே திமில் மகசீர் என்ற ஒரு மீன் அழிவின் விளிம்புக்குப் போயிருக்கிறது. அந்தக் கதை சேலம், தருமபுரி, ஈரோட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கலப்பு மீனை முடித்துவிடுகிறேன். கட்லாவும் ரோகுவும் காவிரியின் பூர்வீக மீன்கள் கிடையாது, வடக்கிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. குஞ்சுப் பொரிப்பகத்தில் தாய் மீனுக்கு ஹார்மோன் ஊசி போட்டு, வட்டத் தொட்டியில் தண்ணீரைச் சுழலவிட்டுச் சினையை வெளியேற்ற வைப்பார்கள். ஒரே தொட்டியில் ஒரே இரவில் இரண்டு இனங்களையும் விட்டால், ஒன்றின் முட்டையில் மற்றதன் விந்து சேரத்தான் செய்யும். பிறக்கிற கலப்பு மீன் மலடும் இல்லை. அது அடுத்த வருடம் தானும் சினைவிடும், தாய் இனத்தோடு மறுபடி சேரும், மூன்று நான்கு தலைமுறை போனால் கண்ணால் பார்த்து யாராலும் பிரிக்க முடியாது. அக்காவின் கண்ணுக்கு முதல் தலைமுறைக் கலப்பு தெரிகிறது. நான்காம் தலைமுறைக் கலப்பைக் காட்ட டிஎன்ஏவால்தான் முடியும்.

சரி, மகசீருக்கு வருவோம்.

மகசீர் என்ற பெருங்கெண்டையில் பல இனங்கள் உண்டு, காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் மட்டும் வாழ்ந்த இனம் இது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. தலைக்குப் பின்னால் முதுகு காளைக்குத் திமில் எழும்பினாற்போல மேடேறி இருக்கும், துடுப்புகள் ஆரஞ்சு நிறம், செதில் ஒவ்வொன்றும் உள்ளங்கையை நிறைக்கிற அளவு. இந்தக் கட்டுரை முழுக்க அதைத் திமில் மகசீர் என்றே சொல்கிறேன். 1946இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் கபினியில் தூண்டில் போட்டுப் பிடித்த மகசீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஒருவனைத் தூக்குவது போன்ற எடை. அப்படி ஒரு மீன் நம் ஆற்றில் நீந்தியது.

அப்புறம் என்ன ஆனது என்பது பல ஆறுகளின் கதைதான். அணைகள் வந்தன, மணல் அள்ளினார்கள், வெடி போட்டு மீன் பிடித்தார்கள். வெடி போட்டால் பெரிய மீன், குஞ்சு, முட்டை என்று வித்தியாசம் இல்லாமல் ஒரு மடு முழுக்கச் செத்து மிதக்கும். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபோது கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்துகொண்டிருந்த உல்லம் மீனின் பாதை அடைபட்டுப் போனது இந்தப் பக்கத்துப் பழைய சோகம். இன்றைக்கு மேட்டூர்க்காரப் பிள்ளைகளிடம் உல்லம் என்றால் எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்பார்கள். மகசீர் உல்லம் போலக் கடலுக்குப் போய்வருகிற மீன் இல்லை, ஆனாலும் ஆற்றுக்குள்ளேயே இடம்பெயர்ந்து, ஓடுகிற சுத்தமான நீரில் கூழாங்கல் படுகையில் முட்டையிடும். தேங்கிய நீர் அதற்கு ஆகாது.

1970களில் மகசீர்கள் குறைந்துவருகின்றன என்ற கவலை நாடு முழுக்க எழுந்தது. நியாயமான கவலை. மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் மகசீர் குஞ்சுப் பொரிப்பகம் வந்தது, செயற்கை முறையில் சினைப்பிடித்து லட்சக்கணக்கில் குஞ்சுகளை உருவாக்கினார்கள், அவற்றை நாட்டின் பல ஆறுகளுக்கும் அனுப்பினார்கள். காவிரிக்கும் வந்தன. அந்தக் குஞ்சுகள் நீலத்துடுப்பு மகசீர் என்கிற இனம். 1839இல் சைக்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி புனே பக்கத்து ஆற்று மீனை வைத்து விவரித்த இனம் அது, கிருஷ்ணா ஆற்றுப்படுகையைச் சேர்ந்தது. விட்டவர்களுக்குக் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. மகசீர் குறைகிறது, மகசீரை விடுகிறோம், அவ்வளவுதான் கணக்கு. எந்த மகசீர் என்ற கேள்வி அந்தக் கணக்கில் இல்லை.

இந்த இடத்தில்தான் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் ஏமாந்தது எப்படி என்பது இங்கேதான் இருக்கிறது. கர்நாடகப் பகுதிக் காவிரியில் கலிபோரே முகாமை ஒட்டித் தூண்டில்காரர்கள் மகசீரைப் பிடித்து எடை பார்த்து மறுபடி ஆற்றிலேயே விடுவது வழக்கமாக இருந்தது. பிடித்த நேரம், எடை எல்லாம் நோட்டில் ஏறும். 1998 முதல் 2012 வரை 15 ஆண்டுப் பதிவுகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகிய ஆய்வாளர்கள் எடுத்து அலசி 2015இல் வெளியிட்டார்கள். 23,000 மணி நேரத்துக்கு மேற்பட்ட தூண்டில் உழைப்பு, 6,000க்கும் மேற்பட்ட மீன்கள். மேலோட்டமாகப் பார்த்தால் சந்தோஷமான செய்தி. ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் மகசீர் எண்ணிக்கை வருடா வருடம் ஏறியிருந்தது. ஆனால் சராசரி எடை இறங்கியிருந்தது. பிரித்துப் பார்த்தபோது ஏறியதெல்லாம் நீலத்துடுப்பு, திமில் மகசீரில் கிடைத்தவை பெரும்பாலும் வயதான பெரிய மீன்கள், அவையும் வரவரக் குறைந்துகொண்டே வந்தன. இளம் மீன்கள் வரவே இல்லை என்கிற நிலை. கிழவர்கள் மட்டும் மிஞ்சிய ஊரில் வெளியூர்க்காரர்கள் குடியேறினால் மக்கள்தொகை கூடித்தான் தெரியும், பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினால்தான் அந்த ஊர்ப் பிள்ளைகள் யாருமே இல்லை என்று புரியும். அப்படித்தான் நடந்தது. "மகசீர்" என்று ஒரே தலைப்பில் எண்ணியதால் ஒரு இனம் அழிவது இன்னொரு இனத்தின் பெருக்கத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டது.

இதைவிட வேதனையான விஷயம், அந்த மீனுக்குச் சரியான அறிவியல் பெயரே அப்போது இல்லை. நூறு ஆண்டுக்கு மேலாகத் தூண்டில்காரர்களுக்குத் தெரிந்த மீன், உலகம் முழுக்கப் புகைப்படம் போன மீன், ஆனால் கிருஷ்ணா பக்கத்தில் விவரிக்கப்பட்ட வேறொரு கெண்டையின் பெயரைத் தப்பாகத் தூக்கிக்கொண்டு திரிந்தது. பெயர் உறுதியாகாத உயிரைச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் மதிப்பிட முடியாது. பட்டியலில் இல்லாததை எந்தத் துறையும் தனியாகக் காப்பாற்றாது. ரேஷன் கார்டில் பெயர் இல்லாதவனுக்கு அரிசி கிடைக்காத மாதிரி.

விடை நம் பக்கத்திலேயே கிடந்தது. நீலகிரிக்கும் மைசூர் மேட்டுநிலத்துக்கும் இடையில் ஆழமான பள்ளத்தாக்கில் ஓடும் மோயாற்றில் திமில் மகசீர்கள் இன்னும் மிஞ்சியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அவற்றின் உடலமைப்பையும் டிஎன்ஏவையும், கேரளப் பக்கம் காவிரியின் கிளையான பாம்பாற்றில் முன்பே விவரிக்கப்பட்டிருந்த ஒரு மகசீரோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றே. அந்த இனத்துக்கு ஏற்கெனவே டோர் ரெமாதேவீ (Tor remadevii) என்று பெயர் வைத்திருந்தார்கள், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியல் அறிஞர் ரெமா தேவியைக் கௌரவிக்கும் பெயர். 2018இல் இந்த முடிவு வெளியானது, அதே ஆண்டு சிவப்புப் பட்டியலில் "மிக ஆபத்தான நிலை" என்ற வகையில் ஏறியது. அதற்கு மேல் இருக்கும் படிகள் இரண்டே. காட்டில் அற்றுப்போனது, முற்றாக அற்றுப்போனது.

ஏற்காட்டில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும், விஷயம் மீனோடு நிற்பதில்லை என்பதால். சேர்வராயன் மலைப் பாறைகளில் பகலில் நடமாடும் கட்டைவிரல் நீளப் பல்லிகள் உண்டு, காப்பித் தோட்டத்து ஓரப் பாறையில் உற்றுப் பார்த்தால் தெரியும். 2000இல் அவற்றில் ஒன்றுக்கு ஏற்காட்டின் பெயரையே வைத்தார்கள். 2019இல் உடலமைப்போடு மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) மரபணு ஒன்றையும் படித்துப் பார்த்தபோது, இதே மலைத்தொகுதியில் இன்னும் இரண்டு தனி இனங்கள் இருந்தன, ஒன்றுக்குச் சேர்வராயனின் பெயர் கிடைத்தது. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை நிறுத்தி டீ குடிக்கிற நம்மில் எத்தனை பேர் அந்தப் பாறைகளைத் திரும்பிப் பார்த்திருக்கிறோம்? ஒரு பாறைத்தொகுதியை உடைத்தால் உலகத்திலிருந்தே ஒரு இனம் போகலாம் என்று இப்போது சொல்ல முடிகிறது. முன்பு "பல்லிதானே" என்று விட்டிருப்போம்.

பெயர் கிடைத்துவிட்டது, அத்துடன் வேலை முடிந்ததா என்றால் இல்லை. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

இனத்தை அடையாளம் காணப் பொதுவாகப் படிப்பது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரே ஒரு மரபணுவின் சுமார் 650 எழுத்துகளை. கடையில் பொருளுக்கு ஒட்டும் பார்கோடு போல அது. மலிவானது, வேகமானது. ஆனால் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வரும். திமில் மகசீர்த் தாய்க்கும் நீலத்துடுப்புத் தந்தைக்கும் ஒரு குஞ்சு பிறந்தால், பார்கோடு அதை அசல் திமில் மகசீர் என்றே சொல்லும். அந்தக் குஞ்சை நம்பி அதையே தாய் மீனாக வைத்து ஒரு காப்பு இனப்பெருக்கத் திட்டம் தொடங்கினால், காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டே கலப்பைப் பெருக்குவோம். 1970களின் தப்பு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வரும். அதனால்தான் முழு மரபணுத்தொகுதியில் பரவிக்கிடக்கும் ஆயிரக்கணக்கான இடங்களைப் படிக்க வேண்டியிருக்கிறது. அப்போதுதான் ஒரு மீனின் உடம்பில் எத்தனை பங்கு எந்த ஆற்றிலிருந்து வந்தது, எத்தனை தலைமுறைக்கு முன் கலந்தது, மிஞ்சியிருப்பவை எல்லாம் அண்ணன் தங்கைகளா, இவையெல்லாம் தெரியும்.

மகசீரில் அது சுலபமும் இல்லை. கட்லா, ரோகுவுக்கு 50 குரோமோசோம். மகசீர் இனங்களுக்கு 100. பரிணாமப் பாதையில் ஒரு கட்டத்தில் முழுத் தொகுதியும் இரட்டித்துப்போன பரம்பரை அது. ஒரே தெருவில் ஒரே இனிஷியலோடு இரண்டு முருகேசன் இருந்தால் தபால்காரர் திணறுவது போல, கணினியும் திணறும். படித்த துண்டில் ஓர் எழுத்து மாறியிருந்தால், அது ஒரே மரபணுவின் இரு வடிவமா, இரட்டித்த இரண்டு மரபணுக்களின் வேறுபாடா என்று பிரித்துச் சொல்லத் தனிக் கவனம் வேண்டும். ரோகுவுக்குச் செய்யும் அதே முறையை அப்படியே மகசீருக்குப் போட்டு முடிவு சொன்னால் நம்பக்கூடாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும், கலப்பது எல்லா இடத்திலும் பாவம் என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் பூமா சிறுத்தைகள் 20, 30 என்ற அளவுக்குக் குறைந்து, உறவுக்குள்ளேயே இனம்பெருகி, வளைந்த வால், இதயக் கோளாறு, கீழிறங்காத விந்தகம் என்று குறைகளோடு பிறந்துகொண்டிருந்தன. 1995இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள், குறைகள் குறைந்தன, எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. அங்கே கொண்டுவந்தவை அதே இனம், முன்பு அந்த இரண்டு கூட்டங்களும் ஒன்றோடொன்று கலந்தே வாழ்ந்தவை, யோசித்துக் கணக்குப் போட்டு எட்டே எட்டு விட்டார்கள், பிறகும் விடாமல் கண்காணித்தார்கள். காவிரியில் வேறு இனத்தைக் கணக்கே இல்லாமல் கொட்டினோம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

மேட்டூருக்குத் திரும்புகிறேன். அணை 120 அடியைத் தொட்டதா, ஜூன் 12இல் டெல்டாவுக்குத் தண்ணீர் திறப்பார்களா என்று சேலத்துக்காரர் ஒவ்வொருவரும் தினசரி விசாரிப்போம். அந்தத் தண்ணீருக்குள் என்ன விடுகிறார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை. விரலிகளை, அதாவது விரல் நீளம் வளர்ந்த மீன் குஞ்சுகளை, லட்சக்கணக்கில் விடும் வேலை மீனவர்களின் பிழைப்புக்கு வேண்டியது, அதை நிறுத்தச் சொல்லவில்லை. அணையில் கட்லா, ரோகு, மிர்கால் இல்லை என்றால் அந்த அக்காவின் கடையும் இல்லை, வலை போடும் குடும்பங்களும் இல்லை. அரஞ்சானும் கெளுத்தியும் மட்டும் வைத்து அத்தனை பேர் பிழைக்க முடியாது. ஆனால் ஒரு தாய் மீன் ஒரு கிலோ உடம்பெடைக்கு லட்சத்துக்கு மேல் முட்டை இடும், அதனால் பத்துப் பதினைந்து தாய் மீனை வைத்தே ஒரு பெரிய ஏரிக்குத் தேவையான விதையை, அதாவது மீன் குஞ்சுகளை, தயாரித்துவிடலாம். செலவு குறைவு, எண்ணிக்கை பிரமாதம். விட்டதெல்லாம் ஒரே பத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் என்பதை எண்ணிக்கை சொல்லாது. அதே பண்ணை அடுத்த வருடம் அதே பிள்ளைகளைத் தாய் மீனாக வைத்தால், வளர்ச்சி குறைவதும் நோய்க்குத் தாங்காமல் போவதும் வரிசையாக வரும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குளம் குத்தகைக்காரர் இதில் அடிபட்டவர். ஒரு தனியார் பண்ணையில் கட்லா என்று வாங்கிவிட்ட குஞ்சுகளில் பாதி ஒரு வருடம் கழித்தும் எடை ஏறவில்லை, தலையும் கட்லாத் தலையாக இல்லை. பண்ணைக்காரர் "தீவனம் சரியா போடலீங்க நீங்க" என்று சொல்லிவிட்டார். கையில் ஆதாரம் ஏதும் இல்லாமல் குத்தகைக்காரர் எப்படி வாதாடுவார்?

இதற்கு நல்ல முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் நார்வே நாட்டு வல்லுநர்களோடு சேர்ந்து 1992இல் ரோகுவை மேம்படுத்தும் வேலையைத் தொடங்கியபோது, கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா, சட்லஜ், கோமதி என்று பல ஆறுகளிலிருந்து மீன்களைச் சேர்த்தார்கள், எந்தக் குடும்பத்துப் பிள்ளை எது என்று கணக்கு வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதுதான் ஜெயந்தி ரோகு. குளத்தில் வளர்க்க அது அருமையான மீன். என் கருத்து, குளத்து மீனுக்கும் ஆற்று மீனுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். குளத்துக்கு வேகமாக வளர்கிற விதையை எடுத்துக்கொள்ளலாம், ஆற்றோடு தொடர்புள்ள நீரில் விடுமுன் விதை எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் இருக்க வேண்டும், மகசீர் என்றால் டிஎன்ஏ பார்க்காமல் ஒரு குஞ்சுகூட விடக்கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

ஆய்வக முடிவு வர மாதக்கணக்கில் ஆகும், மீன்பிடி அதுவரை காத்திருக்குமா என்று ஒரு மீன்வளத் துறை நண்பர் கேட்டார். நார்வேயில் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. லோஃபோட்டன் தீவுகளை ஒட்டிய கடலில் இரண்டு வகைக் காட் மீன்கள் முட்டையிடக் கூடும், ஒன்று ஏராளமாக இருக்கிறது, மற்றது, கரையோர வகை, குறைந்துபோனது. 2009 முதல் அங்கே பிடிபட்ட மீனின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, ஒரு மரபணு அடையாளத்தைப் பார்த்து, ஒரு நாளுக்குள் விடை வாங்குகிறார்கள். கரையோர வகையின் பங்கு அதிகமாக இருந்தால் அந்தப் பகுதி மூடியே இருக்கும், குறைந்தால் திறக்கும். ஒரே மரபணு, ஒரே கேள்வி, ஒரு நாள். நம்மால் முடியாதது எதுவும் இதில் இல்லை. மீனின் துடுப்போரம் நகக்கண் அளவு ஒரு துண்டை வெட்டி 95 சதவீத எத்தனாலில் போட்டு வைத்தால் குளிர்சாதனம்கூட இல்லாமல் ஆய்வகம் போய்ச் சேரும். துடுப்பும் மறுபடி வளர்ந்துவிடும். ஒரு லிட்டர் ஆற்று நீரை வடிகட்டி, மீன் உதிர்த்த டிஎன்ஏவை அதிலேயே தேடுகிற முறையும் வந்துவிட்டது. ஒகேனக்கல்லுக்கு மேலே தருமபுரி, கிருஷ்ணகிரி காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் என்று 2022 நவம்பரில் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. அங்கிருந்து மேட்டூர் நீர்ப்பரப்பு தொடங்கும் இடம் வரை மடு மடுவாகத் தண்ணீர் எடுத்துப் பார்த்தால் திமில் மகசீர் இனம் அந்த ஓட்டத்தில் எங்கே மிச்சமிருக்கிறது என்று தேட ஒரு வழி கிடைக்கும். எத்தனை மீன் இருக்கிறது, எது கலப்பு என்று தண்ணீர் சொல்லாது, அதற்குத் துடுப்புத் துண்டே வேண்டும்.

மணல் அள்ளுவதையும் வெடியையும் எந்த டிஎன்ஏவும் நிறுத்தாது. எந்த மடுவை முதலில் காவல் காக்க வேண்டும் என்று அது சொல்லும், காவல் ஆட்கள்தான் காக்க வேண்டும்.

இதையெல்லாம் அடுத்த வாரம் போனபோது அக்காவிடம் சொன்னேன். மகசீரைத் தான் பார்த்ததில்லை, அப்பா சொல்லிக் கேட்டதுதான் என்றார். செதிலைச் சுரண்டிக்கொண்டே முழுக்கக் கேட்டவர், "போன வாரம் வெட்டறதுக்கு முன்னாடியே சொல்லியிருந்தா வாலோரம் ஒரு துண்டு எடுத்து வச்சிருப்பேனே கண்ணு" என்றார். கல்லூரியிலிருந்து கொண்டுபோயிருந்த ஆறு குட்டிக் குப்பிகளைக் கொடுத்தேன். மஞ்சள்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார், அப்புறம் பேரன் எடுத்து மூடியைத் திறந்துவிடுவான் என்று தராசுக்கு மேலே உள்ள பலகைக்கு மாற்றினார்.